ஓடிக் கெட்டதும் கிடந்து கெட்டதும்

"செட்டு டெட்டா இருக்குண்ணே" என்று வாக்மேனைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், எண்பதுகளின் ரேடியோ மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே மாட்டார்.

"கட்டை மாத்திப் பாத்தியா தம்பி?"

"புதுக் கட்டைதாண்ணே. நேத்துதான் வாங்கினேன்."

"எந்தக் கடையில?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொழில் இருந்தது. பெட்டிக்கடையில் வெயில் படும் பக்கமாக மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்த பென்சில் பேட்டரி, வாங்கும்போதே பாதி செத்திருக்கும். மெக்கானிக் தன் இழுப்பறையிலிருந்து இரண்டு நல்ல கட்டைகளை எடுத்துப் போட்டு ப்ளே பட்டனை அமுக்குவார். சக்கரம் சுற்றும். "போ, போய் வேற கட்டை வாங்கிப் போடு" என்று அனுப்பிவிடுவார். இதற்கெல்லாம் காசு வாங்குகிறவர்கள் குறைவு.

அதே வாக்மேன் இன்று ஓடவில்லை என்றால் புதுக் கட்டை போட்டுப் பயனில்லை. அன்று அந்தக் கருவி ஓடி ஓடித் தேய்ந்து கெட்டது. இன்று ஒரு வேலையும் செய்யாமல், சும்மா கிடந்தே கெட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பட்டனை அமுக்கினால் அசைவில்லை. ஆனால் பிரிக்க உட்காருகிறவர் இந்த வித்தியாசத்தைப் பிடிக்காவிட்டால் அன்றைய மருந்தை இன்றைய நோய்க்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். பழைய வாக்மேனை ஆசை ஆசையாக விலை கொடுத்து வாங்கி, "மோட்டார் போயிடுச்சு" என்று இரண்டே நாளில் முடிவுகட்டி ஓரம் வைக்கிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். மோட்டார் அநேகமாக நன்றாகவே இருக்கும்.

சோனியின் முதல் வாக்மேன் டிபிஎஸ்-எல்2. ஜப்பானில் 1979 ஜூலை 1-ஆம் தேதி, 33,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. பதிவு செய்ய முடியாத, ஸ்பீக்கரும் இல்லாத ஒரு டேப் ரிக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. முதலில் செய்த 30,000 செட்டுகள் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துபோயின. 1983-இல் வந்த டபிள்யூஎம்-20 கேசட் டப்பா அளவுக்கே சுருங்கி, ஒற்றைப் பென்சில் பேட்டரியில் ஓடியது.

நம் பக்கம் இவை பெரும்பாலும் கம்பெனி ஷோரூம் வழியாக வரவில்லை. துபாய், சவூதியிலிருந்து லீவில் வந்தவர்களின் பெட்டியிலும், சிங்கப்பூர் போய்வந்த 'குருவி'களின் மூட்டையிலும் வந்தன. சென்னையில் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவான பர்மா பஜார்தான் பலரும் வாக்மேனை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்த இடம். ரசீது கிடையாது, கேரண்டி கிடையாது. சோனி, ஐவா, சான்யோ, நேஷனல் பானசோனிக் என்று பெயர் இருக்கும். பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். அப்படி வந்த செட் கெட்டுப்போனால் தெருமுனை மெக்கானிக்தான் கதி. அவரிடம் சர்வீஸ் மேனுவல் இருக்காது. வரிசையாக டூ-இன்-ஒன்களைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை இருந்தது.

அன்று ஒரு வாக்மேன் சும்மா இருந்த நாள் குறைவு. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டிடிகே கேசட்டிலோ மெல்ட்ராக் கேசட்டிலோ பதிந்து வாங்கியது ஒரு பக்கம். எக்கோ கம்பெனியின் இளையராஜா கேசட்டுகள் இன்னொரு பக்கம். அண்ணனிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று செட் கைமாறிக்கொண்டே இருக்கும். பேட்டரிச் செலவுதான் கட்டுப்படியாகாது. ரீவைண்ட் பண்ணிப் பேட்டரியை வீணாக்குவானேன் என்று கேசட்டின் பல்லில் பென்சிலையோ ரெனால்ட்ஸ் பேனாவையோ செருகிச் சுழற்றினார்கள். தீர்ந்த கட்டையை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தார்கள். பல்லால் கடித்து நசுக்கியும் போட்டார்கள். சூடேறினால் உள்ளே ரசாயன வேலை கொஞ்சம் வேகமெடுக்கும். இரண்டு பாட்டு கூடுதலாகக் கேட்கலாம், அவ்வளவுதான். அவசரத்துக்குச் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு கட்டையைப் பிடுங்கி வாக்மேனில் போட்டுவிட்டு, கடிகாரம் நின்றதற்குத் திட்டு வாங்கியவர்களும் உண்டு.

இந்தச் சிக்கனத்தால் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு நன்மை விளைந்தது. கட்டை எப்போதும் வெளியே வந்துகொண்டே இருந்தது. ஒரே ஜோடி மாதக்கணக்கில் உள்ளே கிடந்து கசிகிற வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை.

உழைப்பினால் வரும் பழுதுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எது அதிகம் ஆடுகிறதோ அது முதலில் போகும். எலிமினேட்டர் பின்னைக் குத்திக் குத்தி எடுத்ததில் ஜாக்கின் கால்கள் போர்டில் ஆட்டம் கண்டு டிரை சால்டர் ஆகியிருக்கும். மூடியைத் திறந்து திறந்து மூடியதில் பேட்டரித் தகடு வளைந்து லூஸ் காண்டாக்ட் ஆகியிருக்கும். பெல்ட் தளர்ந்து எஸ்.பி.பி.யின் குரல் இழுக்கும். மெக்கானிக் செட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். எந்த இடத்தை அழுத்தினால் ஓடுகிறதோ அந்த இடத்துக்குச் சால்டரிங் அயர்ன் போகும். பெல்ட் வேண்டுமென்றால் ஆணியில் கொத்தாகத் தொங்கும். பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே அளந்து ஒன்றை உருவுவார். மீட்டர் இருந்தாலும் அது பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும்.

எலிமினேட்டர் தனிக் கதை. பிளக்கில் குத்தி வாக்மேனைக் கரண்டில் ஓட்டப் பயன்பட்ட அந்தக் கறுப்புப் பெட்டியில் நகர்த்துகிற சுவிட்சுகள் இரண்டு இருக்கும். ஒன்றில் 1.5, 3, 4.5, 6, 7.5, 9, 12 வோல்ட். இன்னொன்று பிளஸ் மைனஸை மாற்றிப் போடுவது. ரேடியோவுக்காக 9-இல் வைத்ததை மறந்து அப்படியே வாக்மேனில் குத்தினால் கதை முடிந்தது. சரியாக 3-இல் வைத்தாலும் நிம்மதி இல்லை. மலிவான எலிமினேட்டருக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரும் டயோடுகளும் ஒரு கெப்பாசிட்டரும்தான், ரெகுலேட்டர் கிடையாது. இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால் 3 என்று எழுதிய இடத்தில் 4 வோல்ட்டுக்கு மேலேயே வரும். பின்னின் நடுமுனை பிளஸா மைனஸா என்பதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. ஜாக்குக்குப் பக்கத்திலேயே சின்னதாகக் குறி அச்சிட்டிருக்கும். யார் குனிந்து பார்த்தார்கள்? அன்று திரும்ப எழவே முடியாமல் போன செட்டுகள் பேட்டரியால் போனவை அல்ல, எலிமினேட்டரால் போனவை என்பதுதான் என் கட்சி.

சுத்தம் செய்ய மெக்கானிக் மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். சி.டி.சி. என்பார்கள், முழுப்பெயர் கார்பன் டெட்ராகுளோரைடு. எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் கரைத்துவிட்டு ஈரம் தெரியாமல் ஆவியாகிவிடும். லேசான இனிப்பு வாசனை வேறு. கல்லீரலைக் கெடுக்கிற விஷம் அது என்று ஜன்னல் இல்லாத அந்தச் சிற்றறையில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010-இல் அது இந்த மாதிரிப் பயன்பாடுகளிலிருந்து விலக்கப்பட்டது. ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பைச் சோனி நிறுத்திய செய்தி வந்ததும் அதே 2010-இல்தான். அதற்குள் உலகம் முழுவதும் 20 கோடிக்கு மேல் விற்றிருந்தது.

அவற்றுக்கெல்லாம் என்ன ஆயிற்று? கல்யாணம், வேலை, சிடி, அப்புறம் மெமரி கார்டு போட்ட செல்போன். ஏதோ ஒரு நாள் கேட்டுவிட்டுத் துணிக்கு நடுவிலோ டிரங்குப் பெட்டியிலோ வைத்தார்கள். அன்று உள்ளே இருந்த கட்டையை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்று திறந்து பார்க்கும்போது கண்ணில் படுவது அந்தக் கட்டையின் வேலை. அது எந்த ஜாதிக் கட்டை என்பதைப் பொறுத்து சேதமும் மாறும். நிப்போ, எவரெடி என்று நாம் அதிகம் வாங்கிய சாதாக் கட்டையில் வெளிச்சுவரே துத்தநாகம். மைனஸ் முனையும் அதுதான். கரண்ட் கொடுக்கக் கொடுக்கக் கரைவதும் அதுதான். சுவரில் ஓட்டை விழுந்ததும் உள்ளிருக்கும் அம்மோனியம் குளோரைடு, துத்தநாகக் குளோரைடு பசை வெளியே வரும். அது அமிலக் குணம் கொண்டது. ஸ்பிரிங்கைத் துருவேற்றித் தின்றுவிடும். விலை கூடிய ஆல்கலைன் கட்டையில் சுவர் எஃகு, உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காலம் போகப் போக உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் அடியில் உள்ள சீல் விட்டுக்கொடுக்கும். கசிந்த காரம் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகி வெள்ளையாகப் பூத்திருக்கும். நீண்ட நேரம் ஓடுகிறது என்று காசு கொடுத்து வாங்கிய கட்டைதான் வருஷக்கணக்கில் உள்ளே மறக்கப்பட்டு அதிக சேதம் செய்திருக்கிறது.

மருந்தும் அதற்கேற்ப மாறவேண்டும். வெள்ளைப் பூ என்றால் காரம். பஞ்சுக் குச்சியில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் தடவினால் பொங்கி நுரைக்கும், பொங்குவது நின்றால் வேலை முடிந்தது. செம்பழுப்புத் துருவோடு கசகசவென்று இருந்தால் சாதாக் கட்டையின் அமிலம். அதற்குத் தண்ணீரில் குழைத்த ஆப்ப சோடா. எதுவாக இருந்தாலும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் போர்டுக்குள் இறங்கிப் புதிதாக ஒரு பழுதைத் தொடங்கிவைக்கும். கடைசியில் ஈரப் பஞ்சால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைக்கவேண்டும். சி.டி.சி.யின் இடத்தை இன்று பிடித்திருப்பது இதுதான். எண்ணெயைக் கரைப்பதில் அந்த வேகம் இல்லை. ஆனால் மெக்கானிக்கின் கல்லீரல் தப்பிக்கிறது.

தகடு பளபளவென்று ஆகிவிட்டது, புதுக் கட்டையும் போட்டாயிற்று, இன்னும் ஓடவில்லை. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பேட்டரித் தகட்டிலிருந்து போர்டுக்குப் போகிற ஒயரைப் பாருங்கள். காரம் அந்த ஒயரின் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, இழைகளுக்கு நடுவே ஏறிப் போயிருக்கும். வெளியே சிவப்பு உறை நேற்று வாங்கியது மாதிரி இருக்கும். நுனியை உரித்தால் உள்ளே தாமிரம் கறுத்துப்போய், ஈயத்தை ஒட்டவே விடாது. இன்னும் கொஞ்சம் உரித்தால் அங்கேயும் கறுப்பு. நுனியை மட்டும் வெட்டிப் பற்றவைப்பது வீண்வேலை. ஒயரையே மாற்றவேண்டும்.

இதில் மீட்டர் வைத்திருக்கிறவரும் ஏமாறுவார். கட்டைகள் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். போர்டு முனையில் மீட்டரை வைத்தால் 3 வோல்ட் காட்டும். "கரண்ட் வருது, அப்ப மோட்டார்தான்" என்று தோன்றும். ப்ளே பட்டனை அமுக்கிக்கொண்டே பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். களிம்பு ஏறிய இணைப்பில் 10 ஓம் தடை இருக்கிறது, செட் 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியிலேயே 1 வோல்ட் காலி. மோட்டார் கிளம்பும்போது இன்னும் அதிகம் இழுக்கும்; இன்னும் அதிகம் விழும். சும்மா இருக்கும்போது வோல்ட் பார்ப்பது பழைய வாக்மேனில் ஒன்றையும் சொல்லாது. சுமை ஏற்றிப் பார்க்கவேண்டும்.

அடுத்த சந்தேகம் டிசி ஜாக்கின் மேல் விழவேண்டும். அந்த ஜாக்குக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. எலிமினேட்டர் பின்னைக் குத்தியதும் அது விலகிப் பேட்டரியைத் துண்டித்துவிடும். பின்னை எடுத்ததும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதாவது பேட்டரியிலிருந்து வருகிற கரண்ட் முழுவதும், யாரும் பயன்படுத்தாத அந்த ஜாக் வழியாகத்தான் போகிறது. முப்பது வருஷம் கடற்கரை ஊரில் கிடந்தால் அந்தத் தகட்டின் முகத்தில் களிம்பு படிந்திருக்கும். சரியான அளவுப் பின் ஒன்றைப் பல தடவை குத்தி எடுத்தாலே சில செட்டுகள் உயிர் பெற்றுவிடும். அந்தப் பின்னில் கரண்ட் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கும் அசையாவிட்டால் அந்தத் தகடு ஒட்டவைக்கவேண்டிய இரண்டு கால்களையும் துண்டு ஒயரால் ஒரு கணம் இணைத்துப் பார்க்கலாம். ஓடினால் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. ப்ளே பட்டனுக்கு அடியில் இருக்கும் லீஃப் சுவிட்சுக்கும் இதே கதைதான்: இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆல்கஹாலில் நனைத்த காகிதக் கீற்றை விட்டு இழுத்தால் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மேல்பூச்சு போய், சீக்கிரமே திரும்பக் கெடும்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று பெல்ட் தளர்ந்தது, இல்லையென்றால் அறுந்தது. இன்று சில செட்டுகளில் அது உருகித் தார் ஆகியிருக்கிறது. ஈரக்காற்று பட்டுப் பட்டு அந்த ரப்பர் மாதிரிப் பொருள் சிதைந்து, கறுப்புப் பிசினாக மோட்டார் புல்லியிலும் ஃப்ளைவீலிலும் ஒட்டிக் கிடக்கும். மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் நிற்கும். பெல்ட் மொத்தமாக அறுந்து விழுந்திருந்தால் மோட்டார் மட்டும் சுற்றும், டேப் நகராது. ஆட்டோ ஸ்டாப் இருக்கிற செட் ஓரிரு நொடியில் தானே நின்றுவிடும். இரண்டுமே பார்க்கிறவருக்கு "கரண்ட் வரல" என்றுதான் தெரியும். ஆகவே பட்டனை அமுக்கியதும் பேட்டரி விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் கரண்ட் வருகிறது, சிக்கல் சக்கரங்களில். எரியாவிட்டால் சிக்கல் வழியில். தொண்ணூறுகளின் ரிமோட் வைத்த செட் என்றால் இதற்கும் முன்னால் ஹோல்ட் சுவிட்சைப் பார்த்துவிடுங்கள். சட்டைப்பையில் தவறுதலாக அமுங்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது. அது பூட்டிய நிலையில் இருப்பது தெரியாமல் செட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர்கள் எத்தனையோ பேர்.

என்னைக் கேட்டால், வாங்குவதென்றால் எண்பதுகளின் முன்பாதிச் செட்டைத்தான் வாங்கவேண்டும். கனம், அழகில்லாத பெரிய பட்டன்கள், ஆனால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தகடும் கம்பியும். எண்பதுகளின் கடைசியிலிருந்து போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டவைக்கிற குட்டி அலுமினியக் கெப்பாசிட்டர்கள் வந்தன. அவை உள்ளிருக்கும் திரவத்தைக் கசியவிட்டு, தலைமுடி அளவே இருக்கும் தாமிரக் கோடுகளை அரித்துவிடும். அயர்னை வைத்ததும் மீன் வாடை அடித்தால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய லென்ஸும் நடுங்காத கையும் வேண்டும். இன்னொரு தொல்லை, அந்த ஒல்லிச் செட்டுகளுக்கென்றே வந்த சூயிங்கம் வடிவச் சார்ஜ் பேட்டரி. 1.2 வோல்ட். இன்று அது எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறு கட்டையைப் பயன்படுத்துவதற்குச் சிலர் முப்பரிமாண அச்சில் கூடு செய்துகொள்கிறார்கள்.

ரிப்பேர் செய்கிற ஆளும் மாறிவிட்டார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் கெப்பாசிட்டர், ஒயர், கான்டாக்ட் கிளீனர் எல்லாம் இன்றும் சில்லறையாகக் கிடைக்கும். ஆனால் வாக்மேனை நீட்டினால் கடைக்காரர் சிரித்துவிட்டு, "சார், இதெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்ல" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய மெக்கானிக்குகள் கலர் டிவிக்குப் போனார்கள், பிறகு செல்போனுக்குப் போனார்கள். ஒரு மணி நேரம் பஞ்சுக் குச்சியோடு உட்காரும் வேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்? செட்டின் விலையே கூலியைவிடக் குறைவாக இருந்த காலம் நடுவில் ஒன்று போய்விட்டது.

2014-இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' படத்தில் நாயகன் இடுப்பில் அந்த முதல் டிபிஎஸ்-எல்2 தொங்கியது. அதன் பிறகு அந்த மாடலின் விலை எகிறியது. பழைய செட்டுகளை இன்று பழுதுபார்ப்பது பெரும்பாலும் வைத்திருப்பவரேதான். மெக்கானிக் கண்ணாலும் பார்த்திராத சர்வீஸ் மேனுவல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. மாடல் எண்ணைச் சொன்னால் அதற்கென்றே அளவெடுத்த பெல்ட் தபாலில் வருகிறது. டபிள்யூஎம்-டிடி வரிசைச் செட்டுகளில் வழக்கமாக வெடித்துவிடும் நடுப் பல்சக்கரத்தைக்கூட ஆர்வலர்கள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அறிவும் உதிரிப்பாகமும் அன்றைவிட இன்று அதிகம். இல்லாதது, அழுத்திப் பார்த்தே பழுதைப் பிடித்த அந்தக் கட்டைவிரல் மட்டும்தான்.

ஆபத்தும் புது வேஷத்தில் இருக்கிறது. எலிமினேட்டரின் இடத்தில் இப்போது செல்போன் சார்ஜர். 3 வோல்ட் செட்டில் நேராக 5 வோல்ட்டைக் கொடுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசம், பென்சில் பேட்டரி அளவிலேயே விற்கிற 14500 என்ற லித்தியம் செல். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்கு 3.7 வோல்ட். இரண்டு போட்டால் 7 வோல்ட்டுக்கு மேல். சோதித்துப் பார்க்கச் சாதாரணக் கட்டையே போதும். வசதி இருந்தால் வோல்ட்டையும் ஆம்பியரையும் வரம்பு கட்டித் தருகிற பவர் சப்ளை நல்லது. 3 வோல்ட், 200 மில்லி ஆம்பியர் என்று பூட்டிவிட்டால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் ஒன்றும் எரியாது.

இத்தனை பாடு எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். கிடைக்கிறது. பிரான்ஸின் 'வி ஆர் ரிவைண்ட்', சீனாவின் ஃபியோ சிபி13 எல்லாம் உள்ளேயே சார்ஜ் பேட்டரியோடு வருகின்றன. கசிகிற கட்டை என்ற தொல்லை இல்லை. ஆனால் இன்று தயாராகும் கேசட் செட்டுகளின் உள் அமைப்பு பெரும்பாலும் டனாஷின் என்ற ஜப்பானியக் கம்பெனியின் பழைய மலிவு அமைப்பைப் பார்த்துச் செய்த சீனப் பிரதிதான். ஓட்டம் சீராக இருப்பதில் நன்றாகப் பழுதுபார்த்த எண்பதுகளின் நல்ல செட் அவற்றைவிட மேல். அந்தப் பழைய தரத்தில் மோட்டாரும் ஃப்ளைவீலும் செய்கிற ஆலையை இன்று காண்பது அரிது. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி.

உங்கள் வீட்டில் ஒரு வாக்மேன், பழைய டேப் ரிக்கார்டர், டார்ச், ரேடியோ என்று எது கிடந்தாலும், அது ஓடுகிறதா என்று பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். இன்றைக்கே தேடி எடுத்து, உள்ளே இருக்கும் கட்டையை வெளியே எடுத்துவிடுங்கள்.